கைநாட்டும் கடவு எண்ணும்



வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலம் இழந்தோரின் வழிவந்தவர்கள் நாம். 1990களில் அறிவொளி இயக்கம் நம் அன்னையர் பலருக்குக் கையெழுத்திடக் கற்பித்தது. 2020 மார்ச் 25இல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2021 மார்ச் 1 முதல் 60 வயது கடந்தோர்க்குத் தடுப்பூசி போடப்பட்டது. கோவின் தளத்தில் முன்பதிவு செய்யக் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண் அன்று வேண்டியிருந்தது. கையெழுத்துக் கற்ற அன்னையரும் மீண்டும் பிறர் கையை எதிர்பார்த்து நின்றனர்.

வேப்பமரத்தடியில், முகக்கவசத்துடன், இடைவெளி விட்டு அமர்த்தி, அவர்களுக்குக் கைப்பேசிப் பாடம் தொடங்கினோம். முதலில் ஒரு பிழை செய்தோம். கருவியை வாங்கி நாமே அழுத்திக் கொடுத்தோம். மறுநாளே அவர்கள் மறந்துவிட்டனர். பின்னர் கருவியை அவர்தம் கையிலேயே இருக்க விட்டோம். நாளுக்கு ஒரு பாடம்: மகனை அழைத்தல், குறுஞ்செய்தியைத் திறத்தல், எண்ணைப் படித்தல். எழுத்தறியாதவரும் எண்ணை அறிந்திருந்தனர். கூலிக் கணக்கில் தேர்ந்தவர்கள் அல்லரோ!

மூதாட்டி ஒருவர் வினவினார்: “வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனாவது அந்த எண்ணைக் கேட்டால் சொல்லலாமா ஐயா?”

“வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பீர்களா அம்மா?” என்றோம்.

“செத்தாலும் வைக்கமாட்டேன்” என்றார். அவர் பாடத்தை உணர்ந்துவிட்டார்.

இளைஞர்களே! முதியோரின் கைப்பேசியைப் பறித்து நீங்களே அழுத்தித் தருவது உதவியன்று. அது அவர்களை மீண்டும் கைநாட்டுக்குத் தள்ளுவதாகும். நம்மைப் படிக்க வைக்கத் தம் வயிற்றைக் கட்டியவர்கள் அவர்கள். ஒன்றைப் பத்து முறை கேட்டாலும், பத்து முறையும் பொறுமையோடு சொல்லிக் கொடுப்போம்.