பழைய விளையாட்டுப் பெட்டிகள்



பழைய நாணயங்களையும் தபால் தலைகளையும் சேகரிப்போரை நாம் அறிவோம். தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டிகளைத் தேடிச் சேகரிப்போரும் இன்று உளர். சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பஸ்தருக்கு இது தகுமா எனில், எதைச் சேகரிப்பது என்பதில் தெளிவிருந்தால் தகும் என்போம்.

ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 'ஃபேமிகாம்' என்னும் பெட்டியை 1983-ல் வெளியிட்டது. அமெரிக்காவில் அது வேறு வடிவில் 1985-ல் அறிமுகமாயிற்று. ஆனால் 1990-களில் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களை வந்தடைந்தவை பெரும்பாலும் 'மீடியா' முதலிய பெயர்களில் விற்ற அதன் நகல்களே. '9999 விளையாட்டுகள்' என்று அட்டை முழங்கும். உள்ளே சில பத்து விளையாட்டுகளே திரும்பத் திரும்ப வரும். அந்தப் பொய்யை எவரும் பெரிதாகக் கருதியதில்லை! தில்லி அரசுக் குடியிருப்புகளில் தமிழ்ப் பிள்ளையும் வங்காளப் பிள்ளையும் பஞ்சாபிப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து, தோற்றவன் எழுந்து இடம் விட, இந்தி பேசிப் பழகியது அப்பெட்டிகளின் முன்னேதான்.

சேகரிப்போர் பலர் ஜப்பானிய, அமெரிக்க அசல்களையே நாடுவதால் அவற்றின் விலை ஏறிவிட்டது. நகல்களோ மதிப்பாரின்றிக் கபாடிக்காரரின் தராசில் பிளாஸ்டிக்காக நிறுக்கப்படுகின்றன. நம் வாழ்வோடு கலந்த பொருள் நகல்தான்; நம் கைக்கு எட்டுவதும் அதுவே. ஆகையால் முதலில் சொந்த ஊர் வீட்டுப் பரணையும், மாற்றலாகிச் செல்லும் நண்பர்கள் கழித்துப்போடும் சாமான்களையும் பார்த்துவிட்டு, அதன் பின்னரே தில்லி பாலிகா பஜார், சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளுக்குச் செல்வது சிக்கனம். ஓடவிட்டுக் காட்டாத பெட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்புடன் கொண்டுவரும் பெட்டியில் எச்சரிக்கை தேவை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அதன் மின்மாற்றியை நேரே நம் சுவரில் செருகினால் புகைதான் மிஞ்சும். மேலும் அமெரிக்கக் கேசட்டில் 72 தொடுமுனைகள், ஃபேமிகாம் வகையில் 60. ஒன்று மற்றதில் பொருந்தாது. நம் நகல்கள் பெரும்பாலும் 60 முனை வகையைச் சேர்ந்தவை.

இனி, துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாத்து சுடும் விளையாட்டுக்கு உரிய அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. அது ஒளியைப் பார்க்கும் ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்சதுரமாக மின்னும். அந்த ஒளி குழாயில் பட்டால் வாத்து வீழ்ந்தது என்று கணக்கு. படக்குழாய்த் தொலைக்காட்சியில் தோன்றும் ஒளிக்கென்றே அக்கண் அமைந்தது. இன்றைய தட்டைத் திரையிலோ படம் சிறிது தாமதித்தே வருகிறது. ஒளியின் தன்மையும் வேறு. எனவே எவ்வளவு குறி பார்த்தாலும் வாத்து பறந்துவிடும். பிள்ளைகள் துப்பாக்கி கெட்டுவிட்டது என்று தூக்கி எறிவர். துப்பாக்கி நன்றாகவே இருக்கும். வீட்டை விட்டுப் போனது படக்குழாய்ப் பெட்டி! மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போதே சிறியதாய் ஒன்றை வாங்கி வைப்பது, இரண்டாவது விளையாட்டுப் பெட்டி வாங்குவதைக் காட்டிலும் பயனுள்ள செலவு. ஆனால் அதன் முதுகைத் திறக்க வேண்டாம். இணைப்பை நீக்கிய பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவது நம் பழைய வழக்கம். வாயின் ஈரம் தொடுமுனைகளை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்து, நன்கு உலர்ந்த பின் செருகுக. பெட்டியின் மின்மாற்றி தொலைந்திருந்தால், அடியில் அச்சிட்ட வோல்ட் அளவையும், நேர்முனை உள்ளேயா வெளியேயா என்பதையும் பார்த்து, அதே வகையை வாங்குக. அச்சு அழிந்திருந்தால் ரேடியோ பழுது பார்ப்பவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். செருகிப் பார்த்துக் கண்டறிய முயல வேண்டாம்.