வேலை என்ன மாதிரி?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



"நாற்பதுக்குப் பின் பெண்களின் உடல்நலம்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். சலரோகம், பிறசர், கொலஸ்ரரோல் பற்றிக் கேட்கலாம் என்று வந்திருப்பீர்கள். அவற்றையும் தொட்டுச் செல்வேன். ஆனால் அவற்றுக்குப் பின்னால் நிற்கிற ஒரு விடயத்தைப் பற்றியே இன்று கூடுதலாகப் பேச விரும்புகிறேன். நாற்பத்தைந்து, ஐம்பது வயதில், இருபது வருட அனுபவத்தையும் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக வேலை தேடுவது பற்றியே பேசப்போகிறேன்.

எனக்கு மேல் வகுப்பில் படித்த அக்கா ஒருவர் என்னிடம் கிளினிக்குக்கு வந்தார். அவருடைய சம்மதத்தோடும், ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியும் இதைச் சொல்கிறேன். முதல் முறை பிறசர் 160க்கு 100 இருந்தது. மாத்திரை தொடங்கினேன். அடுத்த மாதமும் குறையவில்லை. மாத்திரையின் அளவைக் கூட்டினேன். உப்பைக் குறைக்கவும் பின்னேரங்களில் நடக்கவும் சொன்னேன். மூன்றாம் மாதம் இரண்டாவது மாத்திரையையும் சேர்த்தேன். "நித்திரை வருகுதில்லை" என்றார். "இந்த வயதிலை அப்பிடித்தான் அக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான்காம் முறை வந்த அன்று கிளினிக்கில் ஆட்கள் குறைவு. கொப்பியை மூடிவிட்டுச் சும்மா கேட்டேன்: "அக்கா, வேலை என்ன மாதிரி?" அவர் அழத் தொடங்கிவிட்டார்.

தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் அவர் 22 வருடம் வேலை செய்தவர். இங்கிருந்த கிளையை மூடிவிட்டார்கள். அப்போது அவருக்கு 48 வயது. அதற்குப் பிறகு 14 மாதமாக வேலை தேடிக்கொண்டிருந்தார். கணக்காளர் அல்லவா, ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். 63 விண்ணப்பங்கள், 4 நேர்முகத்தேர்வுகள், "தெரிவு செய்யப்படவில்லை" என்ற பதில் 2. மற்ற எதற்கும் ஒரு வரிப் பதிலும் இல்லை. "இல்லையெண்டு சொன்னாலும் பரவாயில்லைப் பிள்ளை. ஒண்டுமே சொல்லாமல் விடேக்கை, நான் இருக்கிறனோ எண்டே சந்தேகம் வருது" என்றார்.

ஒரு நேர்முகத்தேர்வில், அவருடைய மகளின் வயதுள்ள ஒருவர், "அன்ரி, உங்களுக்குக் கொம்பியூட்டர் பழக்கமோ?" என்று கேட்டாராம். அந்தக் கிளையின் முழுக் கணக்கையும் கணினியில் ஏற்றியவரே இவர்தான். இவருக்கு வேலை போனது தாயாருக்கு இன்னும் தெரியாது. காலையில் திருநெல்வேலிச் சந்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். யாராவது கண்டு "இண்டைக்கு வேலை இல்லையோ?" என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

மூன்று மாதமாக நான் அவருடைய இலக்கங்களுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன். அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. இதை உங்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியது என் கடமை.

வேலை தேடும் மன அழுத்தம் உடலில் என்ன செய்கிறது? ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயார்ப்படுத்த அட்ரினலின், கோட்டிசோல் என்ற சுரப்புகள் கூடும். ஆபத்து நீங்கியதும் குறையும். வேலை தேடுபவருக்கு அது நீங்குவதில்லை. தொலைபேசி அடித்தாலும் நெஞ்சு படபடக்கும், அடிக்காவிட்டாலும் படபடக்கும். நித்திரை கெடும், பிறசர் ஏறும், இனிப்பிலும் மாச்சாப்பாட்டிலும் மனம் போகும், சலரோகம் உள்ளவருக்குச் சீனி கூடும்.

பெண்களுக்கு இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது 45 முதல் 55 வயதுக்குள். திடீரென உடம்பு கொதித்து வியர்ப்பது, நித்திரைக் குழப்பம், பெயர்கள் நினைவுக்கு வராமல் தடுமாறுவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதனோடும் வரும். நேர்முகத்தேர்வில் வார்த்தை தடுமாறியதும் "எனக்கு மூளை மங்கிப்போச்சு, இனி நான் ஒண்டுக்கும் உதவமாட்டன்" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அப்படி முடிவெடுக்க முன்னர் குருதிச்சோகை இருக்கிறதா, தைரொயிட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எளிய இரத்தப் பரிசோதனையில் தெரியும். சிகிச்சையும் உண்டு. மாதவிடாய் நிற்கும் கால உபாதைகளுக்கும் சிகிச்சை உண்டு.

இந்த விடயத்தைப் படித்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒஸ்ரியாவில், வியன்னாவுக்கு அண்மையில் மரியென்தால் என்றொரு கிராமம். ஊர் முழுவதும் ஒரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் அந்த ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா என்ற இளம் உளவியலாளரும் அவருடைய தோழர்களும் அங்கே சென்று ஆராய்ந்து, 1933இல் அதை நூலாக வெளியிட்டார்கள். வேலை போனவர்களுக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் ஊர் நூலகத்தில் இரவல் எடுக்கப்பட்ட புத்தகங்களின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை குறையவில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் திரும்ப ஆலைக்குப் போகவே விரும்பினார்கள், காசுக்காக மட்டுமல்ல.

யஹோடா பின்னாளில் இதை விளக்கினார். வேலை சம்பளத்தை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஓர் ஒழுங்கைத் தருகிறது, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பைத் தருகிறது, பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நோக்கத்தைத் தருகிறது, சமூகத்தில் ஓர் இடத்தைத் தருகிறது, கையையும் மூளையையும் இயங்க வைக்கிறது. வேலை போகும்போது இவை ஐந்தும் ஒரே நாளில் போய்விடுகின்றன. ஆகவே, வேலை போன ஒரு பெண்ணிடம் "உனக்கென்ன, வீட்டு வேலை கிடக்குதுதானே, மனுசன் உழைக்கிறார்தானே" என்று சொல்லாதீர்கள். யஹோடாவும் 1936இல் வியன்னாவில் சிறை வைக்கப்பட்டு, அடுத்த வருடம் இங்கிலாந்துக்கு அகதியாகப் போனவர். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக அவர் பொறுப்பேற்றது 1965இல், 58ஆவது வயதில்.

வேலையிழப்பு எங்களுக்கும் புதிதல்ல. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றுபோனது. அந்த வருடம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலும் வந்து இருந்தன. தொழிற்சாலைக்குப் போய் வந்த அப்பாமார் சிலர் சைக்கிளில் விறகு கட்டி விற்றதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் பட்ட துன்பம் பெரிது. ஆனால் "உனக்கு ஏன் வேலை போனது?" என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1995 இடப்பெயர்விலும் அப்படித்தான். எல்லோரும் சேர்ந்து இழந்தோம்.

இன்று எங்கள் அக்கா தனியாக இழந்திருக்கிறார். அதனால் அது தன்னுடைய குற்றம் என்று நினைக்கிறார். பிறசரையும் விட அவரை அதிகம் வருத்துவது அந்த வெட்கம்தான் என்று எனக்குப் படுகிறது.

அது அவருடைய குற்றமா? பாருங்கள். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வுபெறும் ஆகக்குறைந்த வயதை 60 ஆக்கியது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண் ஒருவர் 50 வயதிலேயே எடுக்கலாம். பத்திரிகையைத் திறந்தால் "வயது 35க்கு உட்பட்டவர்" என்று விளம்பரம். எங்கள் அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பாரபட்சம் காட்டக்கூடாத காரணங்களை வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயதையும் சேர்த்துக்கொண்டது. இதற்கிடையில் 2022இல் பொருளாதாரம் விழுந்தது. அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். ஒரு சம்பளத்தில் ஓடிய வீடுகளில் இரண்டாவது சம்பளம் கட்டாயமாகியது. பிள்ளைகளுக்காக வேலையை விட்ட எத்தனையோ பேர் நாற்பது கடந்து திரும்ப விண்ணப்பம் எழுதினார்கள்.

வெளிநாடுகளில் வாழும் எங்கள் சகோதரிகளுக்கும் இது தெரியும். இங்கே ஆசிரியையாக இருந்தவர் ரொறன்ரோவில் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். "கனேடிய அனுபவம் உண்டா?" என்ற ஒரு கேள்வியில் இருபது வருடம் இல்லாமற் போனது. அந்தக் கேள்வி பாரபட்சமானது என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இல் கொள்கையாகவே அறிவித்தது. பிழை கேட்டவர்களில் இருந்ததே தவிர, கேட்கப்பட்டவர்களில் இல்லை.

இப்போது என்ன செய்யலாம் என்று பார்ப்போம். முதலில் வேலை தேடுபவர்களுக்கு.

வீட்டில் சொல்லுங்கள். மறைப்பதற்குச் செலவாகும் சக்தி, தேடுவதற்குச் செலவாவதை விடக் கூட. வேலை தேடுவதையும் ஒரு வேலையாக, நேரம் வைத்துச் செய்யுங்கள். காலையில் இரண்டு மணித்தியாலம் போதும். இரவு பத்து மணிக்கு மின்னஞ்சலைத் திறந்து பார்க்காதீர்கள். சுயவிபரக்கோவையை இரண்டு பக்கத்துக்குள் அடக்குங்கள். சாதாரணதரப் பெறுபேறுகளை மேலே போடாமல், கடைசிப் பத்து வருடத்தில் நீங்கள் செய்து முடித்தவற்றைப் போடுங்கள். பாவிக்கத் தெரிந்த மென்பொருள்களின் பெயரை எழுதுங்கள். கேட்கப்படாவிட்டால் பிறந்த திகதி வேண்டியதில்லை. சேமலாப நிதியை 50 வயதில் எடுக்கலாம் என்பதற்காக, கலியாணச் செலவுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் முழுவதையும் எடுத்துவிடாதீர்கள். முதுமைக்கு எங்களில் பலரிடம் உள்ளது அது ஒன்றுதான்.

இரண்டு கிழமைக்கு மேல் மனம் எதிலும் பற்றில்லாமல் இருந்தால், விடியப்புறம் விழித்து நித்திரை வராமல் கிடந்தால், வாழ்ந்தென்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், வைத்தியரிடம் வாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பிறசர் மாத்திரையை "வேலை கிடைச்சாப் பிறகு பாப்பம்" என்று நிறுத்த வேண்டாம். நானும் என் பங்குக்கு ஒன்றை மாற்றிவிட்டேன். பிறசர் குறையாத எவரிடமும் இப்போது அந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

அடுத்தது, வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகளுக்கு. இந்த மண்டபத்திலேயே வங்கி முகாமையாளர்கள், அதிபர்கள், சொந்தமாக நிறுவனம் நடத்துபவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் விளம்பரத்தில் வயது வரம்பு ஏன் இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரிப் பதில் போடுங்கள், அது "இல்லை" என்றாலும். முழுநேர வேலை இல்லாவிட்டால் அரைநாள் வேலை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, எங்கள் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூறு வருடமாக நாங்கள் கட்டடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் காசு சேர்த்திருக்கிறோம். இனி ஒரு பெயர்ப்பட்டியலும் சேர்ப்போம். எந்த ஊரில், எந்தத் துறையில், யார் இருக்கிறார் என்பது அதில் இருக்கட்டும். வேலை தேடும் அக்காவின் சுயவிபரக்கோவையை வாசித்துத் திருத்திக் கொடுக்க ஒருவர், நேர்முகத்தேர்வுக்குப் பழக்கிவிட ஒருவர், "நான் இவரை அறிவேன்" என்று ஒரு கடிதம் எழுத ஒருவர். இதற்குக் காசு தேவையில்லை, மாதம் ஒரு மணித்தியாலம் போதும். லண்டனிலும் சிட்னியிலும் இருந்துகொண்டும் செய்யலாம். இதை ஒழுங்குபடுத்தும் குழுவில் என்னுடைய பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அக்காவுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். தாயாரிடம் சொல்லிவிட்டார். தாயார், "எனக்கு அப்பவே தெரியும், நீ சொல்லட்டும் எண்டு இருந்தனான்" என்றாராம். இப்போது ஓர் இடத்தில் வாரத்தில் மூன்று நாள் கணக்கெழுதப் போகிறார். சம்பளம் முந்தியதில் பாதியும் இல்லை. முழுநேர வேலை இன்னும் தேடுகிறார். பிறசர் மாத்திரை தொடர்கிறது, ஆனால் கூட்டவில்லை. சந்தைக்குக் காலையிலேயே போகிறார்.

நீங்கள் இன்று வீட்டுக்குப் போனதும், கனகாலமாகச் சத்தமில்லாமல் இருக்கும் ஒரு சிநேகிதிக்கு ஒரு அழைப்பெடுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட பிறகு, வேலை என்ன மாதிரி என்றும் கேளுங்கள். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள்.