பாட்டும் நன்றியும்



நாம் ‘ஒப்பில்லா திரு இரா’ எனத் தமிழில் பாடும் கிறிஸ்து பிறப்புப் பாடல் அரண்மனையில் தோன்றியதன்று. 1816-ஆம் ஆண்டில் அதன் சொற்களை இயற்றிய ஜோசப் மோர், சால்ஸ்பர்க் நகரில் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைத் தாயின் மகன். மணமாகாத பெற்றோருக்குப் பிறந்தமையால், அக்காலச் சமுதாயம் இழிவெனக் கருதிய பிறப்பு அவருடையது. பேராலயத்துக் குரு ஒருவர் அவரைப் படிக்க வைத்தார். இசையமைத்த பிரான்ஸ் குரூபர் நெசவாளர் மகன், பள்ளி ஆசிரியர். 1818 டிசம்பர் 24 அன்று, ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில், கிதார் ஒன்றின் துணையோடு இருவரும் அதனைப் பாடினர்.

முன்னணையில் பிறந்த பாலகனின் பெருமையை, பிறப்பால் இகழப்பட்டவரே பாடினார். இறைவன் தாழ்த்தப்பட்டோரிடையே வந்தார் என்பதை, பாடுவோர் தம் வாயாலேயே அறிக்கையிடுகின்றனர். விசுவாசம் அவ்வாறே வேரூன்றுகிறது.

மோர் தாம் பெற்ற கல்வியை மறந்தாரல்லர். வாக்ரைன் ஊரில் குருவாயிருந்து, ஏழைப் பிள்ளைகளும் பயிலப் பள்ளி அமைய உழைத்தார். 1848-இல் அங்கேயே வறியவராக மறைந்தார்.

இளைஞர்களே! நன்றி பாட்டோடு முடிவதன்று. நமக்கு ஒருவர் திறந்த பள்ளிக் கதவை நாம் மற்றொரு பிள்ளைக்குத் திறக்க வேண்டும். பாடிச் செல்லும் வீடுதோறும், பள்ளியை விட்டு நின்ற பிள்ளை உண்டா எனக் கேட்டு வாருங்கள்.