தனிநூலா, வழிநூலா?



ஒருவர் இயற்றிய நூலை முதலாகக் கொண்டு மற்றொருவர் செய்யும் நூலை வழிநூல் என்பது தமிழ் மரபு. தொகுத்துரைப்பதும், விரித்துரைப்பதும், வேற்றுமொழியிலிருந்து பெயர்த்துரைப்பதும் அதன் வகைகளாகத் தொல்காப்பியத்தில் எண்ணப்பட்டுள்ளன. அம்மரபில் வழிநூல் செய்தவன் முதலாசிரியனுக்குச் செலுத்த வேண்டியது மதிப்பு ஒன்றே. இக்காலப் பதிப்புரிமைச் சட்டமோ அவ்வளவில் நிற்பதில்லை. முதலாசிரியனின் இசைவின்றி வழிநூலை வெளியிடலாகாது என்கின்றது. கணினிக்கென எழுதப்படும் நிரல்களும் அச்சட்டத்தின் கண்ணில் நூல்களே. ஆகவே ஒரு நிரல் தனிநூலா, வழிநூலா என்ற வினா நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றது.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பணிசெயல் முறைமை ஒன்றின் கருவை எழுதி வெளியிட்டார். லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அக்கரு, 1992ஆம் ஆண்டில் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. உரிமத்தை வகுத்தவர் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன். அதன்படி நிரலை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர், மூலநிரலையும் அதே உரிமத்தோடு வழங்குதல் வேண்டும். பொதுக் கிணற்றில் நீர் மொண்டவன் தன் வீட்டுக் கிணற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதன்று இதன் கருத்து. பொதுக் கிணற்றையே ஒருவன் தோண்டி ஆழமாக்கி ஊரார்க்கு வழங்கினால், அந்த ஆழமும் ஊருக்கே உரியது என்பதாம்.

கணினியின் நினைவகத்தையும் வட்டையும் திரையையும் நேரே ஆள்வது கரு. கடிதம் எழுதும் நிரலும் கணக்குப் பார்க்கும் நிரலும் அதற்கு வெளியே, பயனர்வெளி எனப்படும் பகுதியில் இயங்குவன. அவை வட்டைத் தாமாகத் தொடமாட்டா. கந்தோர்ச் சாளரத்தில் விண்ணப்பத்தை நீட்டுவோரைப் போல, முறைமை அழைப்பு என்ற வழியாகக் கருவிடம் கேட்டுப் பெறும். இவ்வாறு கேட்டுப் பெறும் நிரல் வழிநூல் ஆகாது என்று டோர்வால்ட்ஸ் உரிமக் கோப்பின் முகப்பிலேயே குறித்து வைத்தார். அக்குறிப்புச் சில வரிகளே. ஆயினும், தம் மூலநிரலைக் காட்ட விரும்பாத வணிக நிறுவனங்களும் லினக்ஸின் மீது அச்சமின்றித் தம் மென்பொருளை இயக்குவதற்கு அதுவே காப்பாக அமைந்தது.

தொல்லையெல்லாம் சாளரத்துக்கு உட்புறத்தில்தான். திரையட்டை போன்ற சாதனங்களை இயக்கும் செலுத்திகள் கருவுக்குள்ளேயே சென்று அமர்வன. அவற்றின் மூலநிரலை மறைத்து வழங்குதல் தகுமா? வேறொரு முறைமைக்கென முன்னரே எழுதப்பட்டுப் பின்னர் லினக்ஸுக்குக் கொணரப்பட்ட செலுத்தியை வழிநூல் என்று சொல்வது கடினம் என்பது டோர்வால்ட்ஸின் கருத்து. கருவை எழுதுவோருட் பலர் இதற்கு உடன்படவில்லை. அவர்கள் கருவின் உட்பகுதிகள் சிலவற்றை ஜி.பி.எல். உரிமம் பூண்ட நிரல்களுக்கு மட்டுமே உரியவை எனக் குறியிட்டனர். அதைத் தாண்டுவதற்கும் சிலர் ஓர் உபாயம் கண்டனர்: வெளிப்படையான சிறு நிரல் ஒன்றை முன்னே நிறுத்தி, அதன் முதுகில் மறைநிரலை ஏற்றி உள்ளே அனுப்பினர். 2020ஆம் ஆண்டில் அந்த வழியும் கருவிலேயே அடைக்கப்பட்டது. சட்டத்தால் தீராத வழக்கைத் தாழ்ப்பாளால் தீர்க்க முயன்றமை விநோதமே.

திரையட்டை செய்யும் என்விடியா நிறுவனம் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் செலுத்தியின் கருப்பகுதியைத் திறந்து வெளியிட்டது. பலரும் மகிழ்ந்தனர். எனினும், முன்பு கருவுக்குள் நடந்த பணியிற் பெரும்பகுதி அதற்குள் அட்டையிலுள்ள செயலிக்கு மாறிவிட்டது. பயனர்வெளிப் பகுதியும் மூடியபடியே இருந்தது.

நீதிமன்றம் கண்ட வழக்கு ஜெர்மனியில் எழுந்தது. லினக்ஸுக்குப் பெரும்பங்கு அளித்தவரான கிறிஸ்டோஃப் ஹெல்விக், 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வி.எம்.வெயார் நிறுவனத்தின்மீது ஹம்பேர்க் நகரில் வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்தின் கரு மூடப்பட்டது. அதனோடு இணைந்து, லினக்ஸ் செலுத்திகளை ஏற்று நடத்தும் பகுதி ஒன்று இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே ஆக்கம், ஆகவே முழுவதையும் திறக்க வேண்டும் என்றார் ஹெல்விக். இரண்டும் இடைமுகம் ஒன்றின் வழியே பேசிக்கொள்ளும் தனித்தனி ஆக்கங்கள் என்றது நிறுவனம்.

அந்த வினாவுக்கு நீதிமன்றம் விடை கூறவேயில்லை. எந்த வரிகள் ஹெல்விக்கின் கைவண்ணம், அவை எதிர்த்தரப்பின் பொருளில் எங்கே உள்ளன என்பது போதியவாறு காட்டப்படவில்லை என்று 2016ஆம் ஆண்டில் வழக்குத் தள்ளுபடியாயிற்று. 2019ஆம் ஆண்டு பெப்ரவரியில் மேன்முறையீடும் தோற்றது. ஆயிரக்கணக்கானோர் எழுதி, ஒருவர் எழுத்தின்மேல் மற்றவர் எழுதிச் சென்ற ஆக்கத்தில் தன் வரியைத் தனியே பிரித்துக் காட்டுதல் எளிதன்று. பலர் கூடி உழைத்ததே உழைத்தவனின் உரிமையை நிலைநாட்டத் தடையாக நின்றது, இவ்வழக்கின் கசப்பான பகுதியாகும். எனினும், தீர்ப்பின் பின்னர் சர்ச்சைக்குரிய அப்பகுதியைத் தன் பொருளிலிருந்து நீக்கிவிடப் போவதாக வென்ற நிறுவனமே அறிவித்தது.

மறைநிரலால் மட்டுமே பிணக்கு வரும் என்பதுமில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஆக்கிய இசற்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறைமையின் மூலநிரல் எல்லோர்க்கும் திறந்ததே. ஆனால் அதன் உரிமம் வேறு, லினக்ஸின் உரிமம் வேறு. இரண்டும் தத்தம் நிபந்தனையையே நிலைநிறுத்துவன. 2016ஆம் ஆண்டில் கனோனிக்கல் நிறுவனம் இரண்டையும் சேர்த்துத் தன் உபுண்டுப் பதிப்பில் வழங்கியபோது, இது உரிம மீறல் என்றனர் சில சட்டத்தரணிகள். அன்று என்றனர் வேறு சிலர். சன் நிறுவனத்தை 2010ஆம் ஆண்டில் வாங்கிய ஓரக்கிள், கையொப்பமிட்ட இசைவுக் கடிதம் தந்தாலன்றி அதனைக் கருவினுள் சேர்க்கமாட்டேன் என 2020ஆம் ஆண்டு ஜனவரியில் டோர்வால்ட்ஸ் கூறிவிட்டார். லினக்ஸில் அதனை வேண்டுவோர் கருவுக்குப் புறம்பான தனிநிரலாகவே அதனைப் பெற்று இணைத்துக்கொள்கின்றனர்.