பலூன் தரையைத் தொடக்கூடாது

நண்பர் வீட்டுக்குப் போகிறீர்கள். வெளியே மழை. குழந்தை, "மாமா, விளையாட வாங்க!" என்று கையைப் பிடித்து இழுக்கிறது. என்ன விளையாடலாம்?

ஒரு பலூனை ஊதுங்கள். ஒரே விதிதான்: பலூன் தரையைத் தொடக்கூடாது.

பலூன் எடையே இல்லாதது போல மெதுவாக இறங்கும். காற்று அதைத் தாங்குகிறது. மெதுவாக இறங்குவதால்தான், பந்தைத் தவறவிடும் பிள்ளையாலும் பார்த்து, ஓடி, தட்ட முடிகிறது. கண்ணும் கையும் காலும் சேர்ந்து பழகுகின்றன.

5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மழை நாளிலும் ஓடியாட வேண்டும்.

பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். சிறு குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைத்துவிடும்.

அடுத்த முறை, பிஸ்கட்டோடு ஒரு பலூனும் வாங்கிப் போங்கள். நீங்களும் எழுந்து ஆடுங்கள்.