மதுரையில நிக்கிற 85 டன் இரும்பு: நியூட்ரினோ திட்டம் என்ன ஆச்சு?

இந்த எபிசோடை எங்க ஊர் ஆவுடையார்கோவில்ல இருந்து பதிவு பண்றேன். நடுவுல சேவல் சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, அதை எடிட் பண்ண மனசு வரல.

"தேனி நியூட்ரினோ திட்டம் அவ்வளவுதானா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துல மலை இன்னும் குடையப்படல. ஆனா அதே டிடெக்டரோட குட்டி வடிவம் மதுரையில நிக்குது, வேலையும் செய்யுது. பேரு மினி-ஐகால். பெருசா திட்டமிட்ட ஐகால் சுமார் 51,000 டன். இது 85 டன், அதாவது 600-ல ஒரு பங்கு.

முதல்ல மியூவான்னா என்னன்னு பார்த்துடுவோம். விண்வெளியில இருந்து வர்ற கதிர்கள் மேல் வளிமண்டலத்துல மோதும்போது பிறக்கிற துகள் அது. உங்க உள்ளங்கையை நீட்டினா நொடிக்கு ஒண்ணு ரெண்டு அது வழியா போயிட்டே இருக்கும். எங்க ஊர் கோவில்ல எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற கல் கொடுங்கை இருக்குல்ல, அதையும் துளைச்சுட்டு சர்வசாதாரணமா கீழ வரும். நியூட்ரினோ இன்னும் மோசம், பூமியையே தாண்டிப் போயிடும். எப்பவாவது ஒண்ணு இரும்புல மோதி ஒரு மியூவானை உண்டாக்கும். அந்த மியூவானைத்தான் நாம பிடிக்கணும். வானத்துல இருந்து கொட்டுற மியூவான் மழையில இந்த ஒரு துளியை எப்படித் தனியா பார்க்கிறது? மலைக்கு அடியில போகணும்னு சொன்னதுக்குக் காரணமே இதுதான்.

மினி-ஐகால் அமைப்பு சிம்பிள். 11 அடுக்கு இரும்புத் தகடு, நடுவுல 10 இடைவெளி. அந்த இடைவெளிகள்ல ஆர்.பி.சி.ங்கிற கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொண்ணும் 2 மீட்டருக்கு 2 மீட்டர். ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல 2 மில்லிமீட்டர் சந்து, அதுல வாயு. பெரும்பகுதி ஆர்-134ஏ, நம்ம கார் ஏ.சி.யில போடுறதேதான். கண்ணாடிக்குக் குறுக்கே சுமார் 10,000 வோல்ட் கொடுத்தா, மியூவான் போற இடத்துல சின்னதா ஒரு மின்பொறி. எந்தப் பட்டையில சிக்னல் வந்துச்சுன்னு பார்த்தா பாதை கிடைச்சுடும். இரும்பைக் காந்தமாக்கியிருக்கிறதால பாதை வளையும், எந்தப் பக்கம் வளையுதுங்கிறதுல மின்னூட்டம் தெரியும்.

சொல்றதுக்கு ரெண்டு நிமிஷம். கட்டுறது அப்படி இல்ல. அந்த 2 மில்லிமீட்டர் சந்தைத் தாங்குறது பட்டன் மாதிரி குட்டிக் குட்டி பிளாஸ்டிக் துண்டுகள், பசையில ஒட்டினது. ஒரு பட்டன் விட்டுப்போனா சந்து மாறும், மின்புலம் மாறும், அந்தப் பெட்டியை நம்ப முடியாது. அதனால பெட்டிக்குள்ள லேசா அழுத்தம் ஏத்தி, மணிக்கணக்கா அழுத்தமானியைப் பார்க்கணும். கசிவு இருக்கான்னு ஒரு சோதனை. அப்புறம் ஒவ்வொரு பட்டன் மேலயும் அழுத்திப் பார்க்கிறது, விட்டுப்போன பட்டன்னா அழுத்தம் துள்ளும். நாங்க கோடுல பக் வந்தா ரோல்பேக் பண்ணுவோம். காய்ஞ்ச பசைக்கு ரோல்பேக் கிடையாது.

இந்த மாதிரி வேலையில பெரிய பங்கு ஆராய்ச்சி மாணவர்களோடது. இந்தத் திட்டத்துக்காகவே 2008-ல தனி பிஹெச்.டி. பயிற்சி ஆரம்பிச்சாங்க. அவங்க சோதிக்கிற விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு பெட்டியைச் சோதிக்கணும்னா மேலயும் கீழயும் இருக்கிற பெட்டிகள்ல மியூவான் எங்க போச்சுன்னு பார்த்து, நடுப்பெட்டியில எங்க பட்டிருக்கணும்னு கணக்குப் போடுவாங்க. பட்டிருந்தா பாஸ். வானமே இலவசமா டெஸ்ட் டேட்டா தருது! ஒரு பெட்டி மேல நிமிஷத்துக்குச் சுமார் 40,000 மியூவான் விழும். அதே மதுரையில 12 அடுக்கு ஆர்.பி.சி. வச்சு, கிழக்கை விட மேற்குல இருந்து அதிகமா மியூவான் வர்றதையும் அளந்திருக்காங்க. பூமியோட காந்தப்புலம் பண்ற வேலை அது.

இப்ப முக்கியமான விஷயம். மினி-ஐகாலைச் சுத்தி மியூவான் வீட்டோன்னு ஒரு கவசம் கட்டிச் சோதிக்கிற வேலை நடக்குது. பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பட்டைகள், துகள் பட்டா மினுக்னு ஒளி விடும். வெளியில இருந்து வர்ற மியூவானை, "இது வானத்து ஆளு, கணக்குல சேர்க்காத"ன்னு அடையாளம் காட்டணும். இலக்கு 99.99 சதவீதம்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? 1 கிலோமீட்டர் பாறை மியூவான்களை 10 லட்சத்துல ஒண்ணாக் குறைக்கும். 100 மீட்டர் பாறை 100-ல ஒண்ணாத்தான் குறைக்கும். ஆனா வீட்டோ 10,000-ல ஒண்ணை மட்டும் தவறவிட்டா, ரெண்டையும் பெருக்குங்க. அதே 10 லட்சம்! பாறையில மியூவான் மோதிக் கிளம்புற நியூட்ரான் மாதிரி மின்னூட்டம் இல்லாத துகள்கள் வீட்டோவுல சிக்காது, அதுவும் ஒரு தலைவலி. இதெல்லாம் சரியா வந்தா, ஆழம் குறைஞ்ச வேற இடத்தைத் தேடலாம்.

அந்தத் தேவை நிஜமானது. 2015-ல சுமார் 1,500 கோடிக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்துச்சு. 2022-ல தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துல அனுமதிக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. மதிகெட்டான் சோலை, பெரியாறு, புலி நடமாட்டம் எல்லாம் அந்த வாதத்துல வந்துச்சு. நியூட்ரினோவால ஆபத்துங்கிற பயத்துக்கு அடிப்படை இல்ல. நம்ம உடம்புல ஒரு சதுர சென்டிமீட்டர் வழியா சூரியனோட நியூட்ரினோ மட்டும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி போகுது. ஆனா மலையைக் குடையுறது பத்தின கேள்வி அப்படி இல்ல, அது நியாயமான கேள்வி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, எதிர்த்தவங்க எல்லாரையும் அறியாமைன்னு ஒதுக்கினது தப்புன்னுதான் நான் நினைக்கிறேன்.

இதுக்கு நடுவுல சீனாவோட ஜூனோ டிடெக்டர் 2025 ஆகஸ்ட்ல தரவு எடுக்க ஆரம்பிச்சாச்சு. ஐகால் தேடப்போன அதே நியூட்ரினோ நிறை வரிசைக் கேள்விதான். வழி வேற, அதனால ஐகால் வீண்னு ஆகாது. ஆனா முதல் ஆளாப் பதில் சொல்ற வாய்ப்பு சுருங்கிட்டே வருது. 1965-ல கோலார் தங்கச் சுரங்கத்துல, வளிமண்டல நியூட்ரினோவை உலகத்துலயே முதல்ல பார்த்தவங்கள்ல நாமளும் உண்டு.

கோலார் சுரங்கத்துல நடந்த சோதனைகள்ல மிச்சமான இரும்புக் குழாய்கள் இப்ப ஊட்டியில என்ன பண்ணிட்டு இருக்குன்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம்.