நாம் விரும்பும் மூன்று மேடைப் பாட்டுக்கள்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



அமெரிக்க நாட்டுச் சங்கீத நாடகங்களில் நமக்கு உவப்பான பாட்டுக்கள் எவை என்று சொல்லும்படி காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். பல உண்டெனினும் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மூன்றுக்கும் சாகித்தியம் இயற்றியவர் ஆஸ்கார் ஹாமர்ஸ்டைன் என்னும் ஒருவரே.

முதலாவது, 1927-ஆம் வருஷம் நியூயார்க்கில் அரங்கேறிய 'ஷோ போட்' நாடகத்தில், மிஸ்ஸிஸிப்பி நதியைக் குறித்துக் கறுப்பினத் தொழிலாளி ஒருவன் பாடுவது. ஜெரோம் கெர்ன் மெட்டமைத்தார். மனிதர் பாடுபட்டு நைந்துபோக, நதியோ யாதொன்றும் அறியாததுபோல் ஓடுகிறது என்பது கருத்து. 1928-இல் லண்டன் மேடையில் இதைப் பாடிய பால் ராப்ஸன், பிற்காலத்துத் தம் கச்சேரிகளில் சோர்வைக் காட்டும் சொற்களை நீக்கி, போராடும் உறுதியைக் காட்டும் சொற்களை அமைத்துக்கொண்டார்.

இரண்டாவது, 1945-இல் வந்த 'கரௌஸல்' நாடகத்தது. இசை ரிச்சர்டு ராட்ஜர்ஸ். கணவனைப் பறிகொடுத்த இளம்பெண்ணைத் தேற்றும் பாட்டு இது. அவள் மகள் பள்ளிப் படிப்பை முடிக்கும் விழாவில் மீண்டும் ஒலிக்கிறது. லிவர்ப்பூல் கால்பந்து ரசிகர்கள் 1960-களிலிருந்து இதைத் தமதாக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கூடிப் பாடுகின்றனர்.

மூன்றாவது, அவ்விருவரே 1949-இல் அளித்த 'சவுத் பசிபிக்' நாடகத்தது. இரண்டு நிமிஷங்கூட நீளாதது. யுத்தகாலத்தில் தீவொன்றில் ஆசியப் பெண்ணிடம் காதல்கொண்டும் மணக்கத் துணியாத அமெரிக்கப் படைவீரன் பாடுகிறான். பிறரை வெறுப்பது பிறவிக் குணமன்று, இளம்பிராயத்தில் பெரியோர் புகட்டுவதே என்பது அதன் சாரம். அதை நீக்கிவிடும்படி சிலர் சொன்னபோது ஆசிரியர்கள் இணங்கவில்லை. 1953-இல் ஜார்ஜியா மாகாணச் சட்டசபை அங்கத்தினர் சிலரும் அதன்மேல் சீறினர்.

இனிமையில் முதற்பாட்டே சிறந்தது. ஆயினும் நம்மை உறங்கவொட்டாமல் செய்தது மூன்றாவதே. ஒருநாள் நம் பேரன் அண்டைவீட்டுப் பையனை ஓர் இழிசொல்லால் அழைத்தான். 'யாரிடம் கற்றாய்?' என்று அதட்டினோம். 'தாத்தா, நீங்கள்தானே சொல்வீர்கள்!' என்றான். நாம் தலைகுனிந்தோம்.

அன்பர்களே! ஒருவருக்கொருவர் கைகொடுக்கவே நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டனர். பிறரைத் தாழ்வாக எண்ணுவதற்கன்று. திண்ணையில் நாம் அலட்சியமாக உதிர்க்கும் சொல்லையும் குழந்தை பாடமாகக் கொள்கிறது. இன்றிரவு வீடு திரும்பியதும் நாம் பேசப்போவதை அதுவும் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதை மறவாதிருப்போமாக.